எனக்குக் கேக்குது, நான் கேக்கிறன்: ஹியரும் லிசனும் பிரியும் இடம்

இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில், காட்டோரமாக இருக்கிற எங்கள் ஊரில் போன் கதைக்க வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏற வேண்டும். பின்னேரமானால் கட்டு நீளத்துக்கு ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் கனடாவுக்குக் கதைப்பார், ஒருவர் கொழும்புக்கு, இன்னொருவர் கட்டாருக்கு. ஆனால் எல்லார் வாயிலும் வருகிற முதல் சொல் ஒன்றுதான்: "கேக்குதோ? ஹலோ, கேக்குதோ?"

போன மாதம் என்னிடம் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை ஒருத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த சித்தியின் மகளோடு முதல் தடவையாக முழுக்க ஆங்கிலத்தில் கதைத்திருக்கிறாள். நடுவில் லைன் விட்டுவிட்டு வர, இவள் உரத்துச் சொல்லியிருக்கிறாள்: "யூ ஆர் நாட் லிசனிங்!" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

"ரீச்சர், உனக்குக் கேக்கேல்லை எண்டுதானே சொன்னனான். அதுக்கு ஏன் கோவிச்சவள்?"

பிள்ளை சொல்ல நினைத்தது அதுதான். ஆனால் தங்கச்சியின் காதில் விழுந்தது வேறு: "நான் சொல்லுறதை நீ காதிலயே போடுறாயில்லை." யாருக்கும் கோபம் வரும். அன்றைக்கு எடுக்க இருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு மணித்தியாலம் இந்த ஒரு விஷயத்தையே கதைத்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (ரீச்சர், ரியூசன் என்று எழுதிப் பழகிய கை எனது. ஆங்கிலச் சொல்லை விளக்குகிற இடங்களில் மட்டும், ஒலிக்குக் கிட்டவாக இருக்கட்டும் என்று 'ட' போட்டிருக்கிறேன்.)

எனக்கு, நான்

'ஹியர்' என்பது ஒலி தானாக வந்து காதில் விழுவது. நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இடி இடித்தால் ஹியர். இரவில் யானை வேலியை முறிக்கிற சத்தம் கேட்டால் ஹியர். 'லிசன்' என்பது நீங்களாகக் காதைக் கொடுப்பது. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, அது யானைதானா மாடா என்று பார்க்கிறீர்களே, அது லிசன்.

இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். பிள்ளைகள் அதைப் பாடமாக்குவார்கள், கதைக்கிறபோது மறந்துவிடுவார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால்தான் எங்களுக்குக் குழப்பம் என்றும் சொல்வார்கள். நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. தமிழில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலம் அதை வினைச்சொல்லில் வைத்திருக்கிறது, நாங்கள் அதை ஆளில் வைத்திருக்கிறோம்.

"எனக்குக் கேக்குது." "நான் கேக்கிறன்."

இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வன்னியில் பிறந்த நாலு வயதுப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. முதலாவதில் சத்தம் என்னிடம் வருகிறது, நான் வாங்குகிறவள் மட்டும். இரண்டாவதில் நான் செய்கிறவள். 'எனக்கு' வந்தால் ஹியர், 'நான்' வந்தால் லிசன். பிள்ளை குளக்கட்டில் நின்று கேட்டிருக்க வேண்டியது "உனக்குக் கேக்குதோ?" என்பதை, அதாவது "கேன் யூ ஹியர் மீ?" அவள் சொன்னதோ "நீ கேக்கிறாயில்லை" என்பதன் ஆங்கிலம்.

இதில் 'கேன்' ஏன் வந்தது என்று கேட்பீர்கள். இந்த நிமிடத்தில் காதுக்கு எட்டுகிறதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஐ கேன் ஹியர்' என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். 'ஐ ஆம் ஹியரிங்' என்று அந்த இடத்தில் வராது. 'லிசன்' மட்டும் தாராளமாக 'ஐ ஆம் லிசனிங்' என்று வரும், ஏனென்றால் அது செய்துகொண்டிருக்கிற வேலை.

கண்ணுக்கும் இதே கணக்குத்தான். "எனக்குத் தெரியுது" என்றால் 'ஐ கேன் சீ'. "நான் பார்க்கிறன்" என்றால் 'ஐ ஆம் லுக்கிங்'. அசைகிற, நடக்கிற ஒன்றை இருந்து பார்த்தால் 'வாட்ச்': கிரிக்கெட், படம், வயலில் கிளி விழாமல் காவல் இருப்பது எல்லாம் வாட்ச்.

கொஞ்சம் மேலே போனால் இந்த 'எனக்கு' இன்னும் பெரிய கதவைத் திறக்கும். எனக்குத் தெரியும், எனக்கு விளங்குது, எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு விருப்பம், எனக்கு வேணும். இவற்றின் ஆங்கிலத்தை வரிசையாகச் சொல்லுங்கள்: நோ, அன்டர்ஸ்டான்ட், ரிமெம்பர், லைக், வான்ட். 'இங்' சேர்க்கக்கூடாது என்று இலக்கணப் புத்தகம் அட்டவணை போட்டுத் தருகிற வினைகளில் பல இந்த வகைதான். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அன்டர்ஸ்டான்டிங்' என்று எங்கள் பிள்ளைகள் எழுதுகிறபோது நான் அட்டவணையைக் காட்டுவதில்லை. "தமிழில எப்பிடிச் சொல்லுவாய்? எனக்கு எண்டோ, நான் எண்டோ?" என்று மட்டும் கேட்பேன். திருத்தம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. "எனக்குப் பசிக்குது" என்பதற்கு ஆங்கிலத்தில் வினையே வேறு மாதிரி. புலனும் மனதும் வேலை செய்கிற இடங்களில் மட்டும் இதை நம்பிப் பிடிக்கலாம்.

நீதிபதி வழக்கைக் கேட்பதற்கு 'ஹியர்' என்றுதான் சொல்வார்கள். அங்கே 'த ஜட்ஜ் இஸ் ஹியரிங் த கேஸ்' என்று 'இங்' தாராளமாக வரும். விதி உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீதிபதி காதில் தானாக வழக்கு விழவில்லை, அவர் இருந்து கேட்கிறார். "எனக்கு வழக்குக் கேக்குது" என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார்.

மணம், ருசி, தொடுகை மூன்றுக்கும் ஆங்கிலம் சொல்லைப் பிரிக்கவில்லை. 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்' என்று ஒவ்வொன்றே இரண்டு வேலையையும் செய்யும். அந்த இடத்தில் தமிழ்தான் பிரித்துக் காட்டுகிறது. புகை மணக்குது என்றால் தானாக வந்தது; மணந்து பார், ருசிச்சுப் பார், தொட்டுப் பார் என்றால் வேண்டுமென்று செய்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மம்மா இருக்கிறார். 2009இல் முள்ளிவாய்க்காலில் கிட்டவாக விழுந்த எறிகணையில் அவரின் இரண்டு காதும் போய்விட்டது. நான் போய் முன்னுக்கு இருந்தால் கையில் இருக்கிற ஓலையைக் கீழே வைத்துவிட்டு, என் வாயையே பார்ப்பார். நான் நிற்பாட்டுகிற இடத்தில் தலையை ஆட்டுவார். விளங்காவிட்டால் என் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, திரும்பச் சொல்லச் சொல்வார். ஹியர் அவரிடம் இல்லை. ஆனால் இந்த ஊரில் அவரைப் போல லிசன் பண்ணுகிற இன்னொருவரை நான் காணவில்லை.

'லிசன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டு' வர வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் "ரேடியோ கேட்டன்" என்று சொல்லிப் பழகியவர்கள், அதனால் 'லிசன் ரேடியோ' என்று எழுதிவிடுவோம். 'லிசன் டு த ரேடியோ' என்பதே சரி. வெளிநாடு போக எழுதுகிற ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் நாலு பகுதிகளில் ஒன்றுக்கு 'லிசனிங்' என்றுதான் பெயர், ஹியரிங் அல்ல. அங்கே ஒலிப்பதிவை ஒரு தடவைதான் போடுவார்கள். தானாகக் காதில் விழட்டும் என்று இருந்தால் போச்சு.

ஒரு கேள், பல வீடுகள்

எங்கள் 'கேள்' ஒரு கூட்டுக் குடும்பம். ஆங்கிலத்தில் அவர்கள் எல்லாரும் தனித்தனி வீடு கட்டிப் போய்விட்டார்கள்.

நேரம் கேட்டால் 'ஆஸ்க்': 'ஐ ஆஸ்க்ட் ஹிம் த டைம்.' பொருளோ உதவியோ கேட்டால் நடுவில் 'ஃபோர்' நுழைய வேண்டும்: 'ஐ ஆஸ்க்ட் ஃபோர் மனி.' இந்த 'ஃபோர்' விடுபட்டுப்போவதுதான் நான் அதிகம் திருத்துகிற பிழை. ஒருவரைக் கொண்டு ஒன்றைச் செய்விக்கக் கேட்டால் 'டு' வரும்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு கம்.'

முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஏலம் கேட்கிறார்களே, அந்தக் கேட்டலுக்கு 'பிட்'. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு வினைகள் கலந்துதான் இந்தச் சொல் வந்தது. ஒன்றின் பொருள் 'முன்வைத்தல்', மற்றதன் பொருள் 'கேட்டல், இரத்தல்'. ஆக ஏலத்தைக் 'கேட்பது' எங்களுக்கு மட்டும் தோன்றிய பேச்சு அல்ல.

"சொல்வழி கேளாத பிள்ளை" என்று ஏசுகிறோம். அந்தக் கேட்டலுக்கு 'ஒபே'. கீழ்ப்படிதல் என்று அகராதி சொல்லும். ஆனால் அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தால் இலத்தீனில் 'கேட்டல்' என்ற வினைதான் உள்ளே கிடக்கிறது, ஒருவரின் பக்கம் காதைக் கொடுப்பது என்ற பொருளில். எத்தனையோ காததூரம் தள்ளியிருந்த இரண்டு மொழிகள் பிள்ளை வளர்ப்பில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அதே இலத்தீன் வினையிலிருந்துதான் ஓடியோ, ஓடியன்ஸ், ஓடிட்டோரியம் எல்லாம் வந்தன. கூட்டுறவுச் சங்கத்துக்கு வருகிறார்களே ஓடிட், அதுவும் அதேதான். அந்தக் காலத்தில் கணக்கை ஒருவர் உரக்க வாசிக்க, பொறுப்பானவர் இருந்து கேட்டு ஒப்புக்கொண்டதால் அந்தப் பெயர்.

"கேள்விப்பட்டன்" என்றால் 'ஐ ஹேர்ட்'. ஒருவரைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பெயரளவில் கேள்விப்பட்டிருந்தால் 'ஹேர்ட் ஒஃப்', விபரம் கேள்விப்பட்டிருந்தால் 'ஹேர்ட் அபவுட்', அவரிடமிருந்தே கடிதமோ அழைப்போ வந்திருந்தால் 'ஹேர்ட் ஃப்ரொம்'. மூன்றையும் மாற்றிப் போட்டால் கருத்தே மாறிவிடும்.

ஒட்டுக்கேட்பதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக்கூடாது. பக்கத்தில் நின்றபோது தற்செயலாகக் காதில் விழுந்தால் 'ஓவர்ஹியர்', அதில் குற்றமில்லை. வேண்டுமென்று ஒளித்து நின்று கேட்டால் 'ஈவ்ஸ்ட்ராப்'. 'ஈவ்ஸ்' என்றால் கூரையின் கீழ் விளிம்பு. 'ட்ராப்' என்றால் சொட்டு. மழைத்தண்ணீர் சொட்டுகிற தாவாரத்தடியில் நின்று உள்ளே கதைப்பதைக் கேட்பவனுக்கு வந்த பெயர் அது. தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாவாரத்துக்குக் கீழே மண்ணில் வரிசையாக விழுந்திருக்கிற சின்னச் சின்னக் குழிகள் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

படிக்கிறதும் பழகுறதும்

'கேள்வி' என்றால் இன்று எங்களுக்கு வினா. குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் கேள்வி, ஆனால் அதில் வினாவைப் பற்றி ஒன்றுமில்லை. அறிந்தவர் சொல்லக் கேட்டுப் பெறுகிற அறிவைப் பற்றியது. கல்விக்கு 40ஆம் அதிகாரம் தனியாக இருக்கிறது. வாசித்துப் பெறுவது ஒன்று, காதால் பெறுவது இன்னொன்று என்று அப்போதே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 'ஸ்டடி' என்றும் 'லேர்ன்' என்றும் பிரிவது வேறொரு கோட்டில். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பது ஸ்டடி. அதில் ஏதாவது உள்ளே போய்த் தங்கினால் லேர்ன். அதனால்தான் 'ஐ லேர்ன்ட் ஓல் நைட்' என்று சொன்னால் ஒரு மாதிரி இருக்கும். 'ஐ ஸ்டடீட் ஓல் நைட், பட் ஐ லேர்ன்ட் நத்திங்' என்று சொல்லலாம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு பலருக்கும் நடந்ததுதான்.

எங்கள் பேச்சில் 'லேர்ன்' என்பதற்கு மிகக் கிட்டிய சொல் 'பழகு'. சைக்கிள் ஓடப் பழகினன், நீந்தப் பழகினன், ஆங்கிலம் கதைக்கப் பழகினன். 'படி' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போனால் வழி தவறும், ஏனென்றால் நாங்கள் பாட்டைக்கூடப் படிக்கிறவர்கள். புத்தகத்தைப் படித்தால் 'ஸ்டடி', பாட்டைப் படித்தால் 'சிங்', நீந்தப் பழகினால் 'லேர்ன்', பத்திரிகை வாசித்தால் 'ரீட்'.

லேர்ன் என்ற சொல்லின் அடிவேரைத் தேடிப் போனவர்கள், தடம் அல்லது சால் என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். உழவுச்சாலுக்கு இலத்தீனில் 'லிரா' என்று பெயர், அதுவும் அந்தக் குடும்பம்தான். கடும் காய்ச்சலில் பிதற்றுவதற்கு 'டெலிரியம்' என்கிறார்களே, அது 'உழவுச்சாலை விட்டு விலகுதல்'. எங்கள் அப்பா மாடு பூட்டி உழுத காலத்தில், முதல் சாலை மட்டும் தானே போடுவார். பிறகு கலப்பையை அண்ணையிடம் கொடுத்து, "இதை ஒட்டிப் போ, கண்ணை எடுக்காதை" என்பார். இன்று வயல் முழுக்க உழவு இயந்திரம்தான். ஆனால் 'லேர்ன்' என்று கரும்பலகையில் எழுதுகிறபோதெல்லாம் எனக்கு அந்த முதல் சால்தான் தெரியும்.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக மாறியது. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போய் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் தேவைப்படுகிற வசனம் ஒன்று உண்டு: 'சொரி, ஐ டிட்ன்ட் காட்ச் தட்.' சத்தம் காதில் விழுந்தது, சொல் கைக்கு அகப்படவில்லை என்று பொருள். "பிடிபடேல்லை" என்கிறோமே, அதேதான். 'பர்சீவ்' என்ற பெரிய சொல்லுக்குள்ளும் இலத்தீனின் 'பிடி' என்ற வினைதான் இருக்கிறது, முழுமையாகப் பிடித்தல். 'ரிசீவ்' அதன் கூடப்பிறந்தது. அதனால் 'பர்சீவ்' என்றால் புலனாலோ மனதாலோ ஒன்றைப் பிடித்துக்கொள்வது. அன்றாடப் பேச்சில் இதைத் தேடிப் போக வேண்டாம். கண்ணில் பட்டால் 'நோட்டிஸ்', மண்டையில் உறைத்தால் 'ரியலைஸ்'. இரண்டும் போதும்.

சொல்லுறதும் கதைக்கிறதும்

தமிழ்நாட்டில் 'பேசு' என்பது சாதாரண சொல். இங்கே "அம்மா பேசினவ" என்றால் அம்மா ஏசினார் என்று பொருள். எங்களுக்கு இருக்கிற சொல் 'கதை'. ஆங்கிலப் பாடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று பலருக்குத் தெரியாது. 'டோக்' என்றால் கதைத்தல். 'டேல்' என்றால் கதை. இரண்டும் ஒரே குடும்பம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்து கதைப்பதும் பாட்டி சொல்கிற கதையும் எங்களுக்கு எப்படி ஒன்றோ, அங்கேயும் அப்படித்தான்.

'டெல்' என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. அதன் பழைய பொருள் 'எண்ணுதல்'. வங்கியில் காசு எண்ணித் தருகிறவருக்கு 'டெல்லர்' என்று பெயர் வந்தது அதனால்தான். நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணி வைப்பதுபோல ஒருவருக்கு ஒப்புவிப்பது 'டெல்'. ஆகவே அதற்கு ஆள் வேண்டும்: 'ஹீ டோல்ட் மீ.' 'சே' அப்படியல்ல, அதற்குச் சொன்ன சொல்தான் முக்கியம்: 'ஹீ செட், ஐ வில் கம்.' நாங்கள் "எனக்குச் சொன்னவர்" என்று சொல்லிப் பழகியதால் 'ஹீ செட் மீ' என்று வந்துவிடும். சே வந்தால் ஆளுக்கு முன்னால் 'டு' போடுங்கள், அல்லது டெல்லை எடுங்கள். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற சொல்லுக்கும் இதே 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ.' சமமாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். சேறடித்த வயலை மேடு பள்ளமில்லாமல் மட்டப்படுத்துகிறோமே, அது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லில் மட்டும் எதிர்ப்பக்கம். அதற்குப் பின்னால் 'அபவுட்' போடக்கூடாது.

'கொமியூனிக்கேட்' என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் "தொடர்பாடல்" என்று பாடமாக்கியதை ஒப்புவிப்பார்கள். அதன் வேர் 'பொது'. என்னிடம் மட்டும் இருந்ததை இரண்டு பேருக்கும் பொதுவாக்குவது. எங்கள் சனசமூக நிலையத்தில் காலையில் வருகிற பத்திரிகையைக் கண்ணாடி இல்லாத முதியவர்களுக்காக ஒருவர் உரக்க வாசிப்பார். வாசிக்கிறவர் வாசித்து முடித்தது மட்டும் கொமியூனிக்கேட் ஆகாது, மூலையில் இருக்கிறவர் "அப்ப நெல்லுக்கு இந்த விலையோ?" என்று திருப்பிக் கேட்கிற அந்த நிமிடத்தில்தான் அது பொதுவாகிறது.

அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் குளக்கட்டில் ஏறினாள். நானும் கூடப் போனேன். "ஐ மென்ட், யூ குட்ன்ட் ஹியர் மீ" என்று ஒரு தரம் எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எடுத்தாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவள் ஏதோ கேட்க, இவள் தமிழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேக்குதோ?" என்று இவள் கேட்டாள்.

"ஓம். நான் கேக்குது," என்றது ரொறன்ரோ.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டவாகப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்: "நான் இல்லையடி. எனக்கு. எனக்குக் கேக்குது."